மேல் கையில் கொஞ்சம் விறைப்பு

என் வீட்டுக்காரர் வாழ்நாள் முழுக்க ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருப்பார் என்று நான் தப்புக்கணக்குப் போட்டேன். தேய்த்துப் பழகிய கை எத்தனை நாள் பொறுக்கும்? முதலில் வீட்டுக் கத்திகளையெல்லாம் தீட்டினார். கத்திகள் தீர்ந்ததும் கத்தரிக்கோல் பக்கம் வந்தார். நான் வீட்டில் தையல் வேலை பார்ப்பவள். துணி வெட்டும் கத்தரிக்கோலில் அவர் கை வைத்த அன்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மறுவாரம் எங்கிருந்தோ ஒரு மரக்கட்டையோடு வந்து நின்றார்.

வில் செய்யப் போகிறாராம். குழந்தைகள் விளையாடும் வில் இல்லை. இரும்பு, பிளாஸ்டிக் எதுவும் சேராமல், ஒரே கட்டையில் செதுக்கி, ஆள் உயரத்துக்கு நிற்கும் மரவில். அந்தக் காலத்தில் செய்த மாதிரியே கையாலேயே செய்வதில்தான் விஷயம் இருக்கிறது என்றார். வேட்டைக்குப் போகும் வயதா இது என்று கேட்டேன். வேட்டைக்குப் போகிறவன் கடையில் வாங்கிக்கொள்வான் என்றார். அந்தப் பதிலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது லேசில் விடுகிற பைத்தியம் இல்லை என்று.

காரை விற்ற பிறகு எங்கள் கார் ஷெட் காலியாகத்தான் கிடந்தது. அங்கே ஒரு மேஜை, கட்டையை இறுக்கிப் பிடிக்க ஒரு இடுக்கி, அரங்கள், சுரண்டும் தகடுகள் என்று கடை பரப்பிவிட்டார். என் தையல் மெஷின் இருக்கும் மாடி ஜன்னலுக்கு நேர் கீழே ஷெட்டின் வாசல். அதனால் அங்கே நடப்பது எல்லாம் எனக்குக் கேட்கும். நான் ஒட்டுக்கேட்பவள் இல்லை, காது தானாகக் கேட்கிறது.

வேலை இப்படி. மல்பெரிக் கட்டையைப் பிளந்து, வெடிக்காமல் இருக்க முனைகளில் மெழுகு பூசி, வருடக்கணக்கில் காயவிட வேண்டும். பிறகு பட்டையை உரித்து, வில்லைப் பிடித்தால் எதிரே பார்க்கும் பக்கத்தைச் சீவ வேண்டும். அந்தப் பக்கத்துக்கு முதுகு என்று பெயர். அதில் மரத்தின் ஒரே ஒரு வயது வளையம் நுனியிலிருந்து நுனிவரை அறுபடாமல் ஓட வேண்டும். எங்கேயாவது கத்தி ஆழமாக இறங்கினால் வில் அங்கேதான் உடையும். முதுகு முடிந்த பிறகு அதைத் தொடக்கூடாது. தேய்ப்பதெல்லாம் நம்மைப் பார்க்கும் பக்கம், அதாவது வயிறு. பிடிக்கு மேலே இருப்பது மேல் கை, கீழே இருப்பது கீழ் கை. இரண்டும் சமமாக வளைய வேண்டும். எது விறைப்பாக நிற்கிறதோ அதன் வயிற்றில் கொஞ்சம் சுரண்டி, திரும்ப இழுத்துப் பார்க்க வேண்டும். கொஞ்சம் அதிகமாகச் சுரண்டிவிட்டால் மற்ற கை விறைப்பாகத் தெரியும். அதைச் சுரண்டினால் இது. இப்படியே மாறி மாறிச் சுரண்டினால் கடைசியில் பல் குத்தத்தான் உதவும்.

ஆரம்பத்தில் செய்ததெல்லாம் உடைந்தது. டப்பென்று ஒரு சத்தம் கேட்கும். நான் மேலேயிருந்து, "கை கால் இருக்கா?" என்று மட்டும் கேட்பேன். இருக்கிறது என்பார். உடைந்த பாதிகளை வீணாக்கக்கூடாது என்று கூடத்து ஜன்னலில் திரைச்சீலை மாட்டும் கம்பாக்கினேன். வருகிறவர்கள் அழகாக இருக்கிறது என்பார்கள்.

உடைந்ததற்குக் காரணம் கண்டுபிடித்தவர் மாப்பிள்ளை. வேறெப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியாததால் மாப்பிள்ளை என்றே சொல்கிறேன்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்கு வந்தால் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை. எங்களைப் பிடிக்கவில்லையோ என்று எனக்கு உறுத்தியது. "நல்லவர்தாம்மா, பேசத்தான் தெரியாது" என்றாள் மகள். அப்போது அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்விசிறி அலுத்துப்போய் ஷெட்டுக்கு இறங்கிப் போனார். அங்கே இவர், என் வீட்டுக்காரர், வில்லைச் சுவரில் முட்டுக்கொடுத்து ஒரு கையால் நாணை இழுத்தபடி, கழுத்தை ஒடித்து வளைவைப் பார்க்க முயன்றுகொண்டிருந்தார். மாப்பிள்ளை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, இழுக்கிற ஆளே எப்படிப் பார்க்க முடியும் என்று கேட்டார். அடுத்த வாரம், கழித்துப்போட்ட லிஃப்ட் ஒன்றிலிருந்து ஒரு கப்பியோடு வந்தார். சுவரில் உயரமாக ஒரு தாங்கி, அதில் வில். நாணில் மாட்டிய கயிறு தரையில் இருக்கும் கப்பி வழியாக ஓடி எதிர்ச் சுவர் வரை வரும். ஒருவர் அங்கே நின்று மெல்ல இழுப்பார். மற்றவர் வில்லுக்குப் பக்கத்தில் நின்று எங்கே விறைப்போ அங்கே சாக்பீஸால் கோடு போடுவார். லிஃப்ட்காரர் கை கயிற்றில், கண்ணாடிக்காரர் கண் மரத்தில். அதற்குப் பிறகு உடைவது நின்றது.

இழுத்த வில்லை இழுத்தபடியே வைத்திருக்கக்கூடாது. பார்த்ததும் இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் மரம் தளர்ந்துவிடும். ஆகவே ஒரு இழுப்பு, ஒரு பார்வை, இறக்கு, சுரண்டு, மறுபடி. இந்த இடைவெளிகளில் மாப்பிள்ளை பேசினார். அந்த மனிதரின் குரலை நான் ஒழுங்காகக் கேட்டதே ஜன்னல் வழியாகத்தான். லிஃப்டில் மாட்டிக்கொள்கிறவர்கள் முதலில் அதிகாரம் பண்ணுவார்களாம், பிறகு கெஞ்சுவார்களாம், அதற்கப்புறம் தங்கள் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்களாம். கதவைத் திறந்தால் சிலருக்குக் கோபம் வருமாம், கதை பாதியில் நின்றதே என்று. இதைச் சொல்லி மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். நான் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன். இவரும் சிரித்தார். கண்ணாடிக் கடையில் ஆயுசு முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்த மனிதருக்கு நண்பன் என்று ஒருவன் கிடைத்தது அறுபது வயதுக்கு மேல்தான்.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் சமாதானம் என்று ஒன்று பேசியிருக்கலாம். நடக்கவில்லை. அவர் குடிக்கவில்லை, கை நீட்டவில்லை, சம்பளத்தை மறைக்கவில்லை. வீட்டில் ஒரு கதவு கிறீச்சிட்டால் அன்றே எண்ணெய் போட்டார். பேசவில்லை, அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானோடு ஒரே வீட்டில் இருந்து பார்த்தால்தான் தெரியும் என்று மகள் சொன்னாள். இருவரும் ஒரே நாளில், ஒரே மேஜையில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தார்கள். மகள் இரண்டு பெட்டிகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் தையல் அறை அவள் அறையானது, மெஷின் கூடத்து ஜன்னலுக்கு நகர்ந்தது. அங்கிருந்தும் ஷெட் கேட்கும்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை ஷெட் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை, திரும்பிப் போகவும் இல்லை. இவர் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, "கப்பிக்கு எண்ணெய் போடணும் மாப்ளை" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அவர் போய் எண்ணெய் டப்பாவை எடுத்தார்.

மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் அறை ஜன்னலைச் சாத்திக்கொள்ளத் தொடங்கினாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். மற்ற கிழமைகளில் அவளுக்கு மூச்சு விட நேரமில்லை, இந்த ஒரு நாள்தான் விடுமுறை. அதை அறைக்குள் அடைபட்டுக் கழித்தாள். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டால் சொல்லிவிடுவாளே என்ற பயம்தான்.

ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் இவர்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். மாப்பிள்ளை கெட்டவர் இல்லை என்று எதையோ தொட்டு ஆரம்பித்தார். கெட்டவர் என்று யார் சொன்னது என்றாள் மகள். பிறகு அந்தப் பழைய விஷயத்தைச் சொன்னாள். கல்யாணமாகிச் சில வருடங்களில் அவள் வயிற்றில் தங்கிய பிள்ளை நிலைக்காமல் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து அவள் படுத்துக் கிடந்தபோது, அந்த மனுஷன் சமையலறையில் உட்கார்ந்து குழாயைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாராம். குழாய்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அழுததைத் தன்னால் மறக்க முடியவில்லை என்றாள்.

இவரால் பொறுக்க முடியவில்லை. "அவர் அழுதது உனக்குத் தெரியாதும்மா. கீழ வந்து, கட்டையக் கையில வெச்சுக்கிட்டு..." என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். நிறுத்தி என்ன பயன்?

மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். எப்போது என்று கேட்டாள். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்றார் இவர்.

அவள் சத்தம் போடவில்லை. தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "அவர் இங்க வர்றது நிக்கணும்ப்பா. இல்லன்னா நான் கடை பக்கத்துல ஒரு ரூம் பாத்துக்கறேன். எனக்கு ஒரு சொட்டு கண்ணீர் காட்டாத மனுஷன் உங்ககிட்ட வந்து அழுதிருக்காரு. நீங்களும் எங்கிட்ட சொல்லல. உங்களுக்கு வில்லுக்கு ஆள் வேணும், சரி. எனக்குத் திரும்பி வர ஒரு வீடு வேணும்."

இவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இப்ப கையில இருக்கற வில்லு முடியட்டும்மா. முடிஞ்ச அன்னிக்கே சொல்லிடறேன்" என்றார். மகள் தலையாட்டினாள். நியாயமான வாய்தா என்றுதான் எனக்கும் பட்டது.

அந்த வில் அப்போதே முக்கால்வாசி வந்திருந்தது. மல்பெரியின் மஞ்சள் நிறம் பழுத்துப் பழுப்பாகிக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று வாரத்தில் முடியும் என்று இவரே முன்பு என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இவர் மேலே வந்து கை கழுவும்போது, முடிந்ததா என்று மகள் கேட்பாள். "மேல் கையில கொஞ்சம் விறைப்பா இருக்கு" என்பார் இவர். அடுத்த வாரமும் மேல் கை. அதற்கு அடுத்த வாரமும் மேல் கை. அது என்ன மேல் கையோ, போலீஸ்காரர் முதுகு மாதிரி வளையவே மாட்டேன் என்றது.

திங்கட்கிழமைதோறும் ஷெட்டைப் பெருக்குவது என் வேலை. முன்பெல்லாம் மரச்சுருள் ஒரு கூடை சேரும். பிறகு ஒரு முறம் சேர்ந்தது. பிறகு ஒரு பிடி. ஒரு திங்கட்கிழமை துடைப்பத்தோடு போய் நின்றால் பெருக்க ஒன்றுமே இல்லை. தரையில் சாக்பீஸ் தூள் மட்டும் கிடந்தது. கோடு போடுகிறார்கள், துடைக்கிறார்கள், சுரண்டுவதில்லை. இழுக்கிறார்கள், பார்க்கிறார்கள், இறக்குகிறார்கள். நாள் முழுக்க இதைச் செய்கிறார்கள். லென்ஸில் தலைமுடிக்கும் குறைவான மேட்டை விரலால் தடவிக் கண்டுபிடித்த மனிதருக்கு வில் எப்போது முடிந்தது என்று தெரியாதா? மாப்பிள்ளைக்குத்தான் தெரியாதா? இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு செய்தார்களா என்றால், அதுவும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். இவர் கோடு போட்டார், அவர் மறுக்கவில்லை.

எனக்கு இவர் மேல் கோபம் வந்தது. பெற்ற பெண் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடக்கிறாள், இவர் சாக்பீஸை வைத்துக்கொண்டு நாள் கடத்துகிறார். போய் இரண்டு வார்த்தை கேட்க வேண்டும் என்று வாசல் வரை போவேன். அப்போது கீழேயிருந்து அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்கும். திரும்பி வந்துவிடுவேன். தேடி வருகிறவர்கள் இவருக்கு எத்தனை பேர்? வில் முடிந்தது எனக்குத் தெரியும் என்பது இவருக்கும் தெரியும். திங்கட்கிழமை காலையில் என் முகத்தைப் பார்க்காமல் டீ குடித்தார்.

மகள் என்னைவிடக் கெட்டிக்காரி. ஒரு சனிக்கிழமை, ரூம் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். நல்ல ரூம், கடைக்கு நடந்தே போகலாம், சாவியைத் திங்கட்கிழமைக்குள் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். மறுநாள் ஷெட்டில் கப்பி உருளும் சத்தம் தொடங்கியதும், அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். நேராகப் படியிறங்கினாள். நான் ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டு அவள் பின்னால் ஓடினேன்.

பிரிந்த பிறகு அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது அன்றுதான். மாப்பிள்ளை எதிர்ச் சுவரோரம் கயிற்றைப் பிடித்து நின்றார். இவர் வில்லின் பக்கத்தில் சாக்பீஸோடு நின்றார். இரண்டு பேர் முகத்திலும் திருட்டு முழி.

"இழுங்க, நான் பாக்கறேன்" என்றாள் மகள்.

மாப்பிள்ளை இவரைப் பார்த்தார். இவர் சாக்பீஸைப் பார்த்தார். பிறகு கயிறு நகர்ந்தது. வில் மெல்ல வளைந்து இறங்கியது. எனக்கு இந்த வித்தையில் ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் நான் துணியில் கழுத்து வளைவு வெட்டுகிறவள். இரண்டு பக்கமும் ஒன்றா இல்லையா என்று என் கண்ணுக்குத் தெரியும். ஒன்றாக இருந்தது. பிடியிலிருந்து நுனிவரை எங்கேயும் ஒரு இடறல் இல்லை. அவ்வளவு அழகாக ஒரு பொருளை என் வீட்டுக்காரர் செய்திருக்கிறார் என்று, அந்த நேரத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

"மேல் கையில..." என்று இவர் ஆரம்பித்தார்.

"நீங்க இருங்கப்பா" என்றாள் மகள். மாப்பிள்ளையைப் பார்த்துத் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. முடிஞ்சுதா, இல்லையா?"

இவர் முகத்தில் அப்போது ஒரு நிம்மதி தெரிந்தது. அந்த மனிதர் எப்போதும்போல வாயைத் திறக்கமாட்டார், இந்த ஞாயிற்றுக்கிழமையும் தாண்டிவிடும் என்ற நிம்மதி. எனக்கும் அதுதான் தோன்றியது.

மாப்பிள்ளை முதலில் கயிற்றை மெல்ல மெல்ல விட்டு வில்லை இறக்கினார். அதில் அவசரம் காட்டவில்லை. கொக்கியைக் கழற்றினார். கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, மகள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "முடிஞ்சுடுச்சு. முடிஞ்சு பல வாரமாச்சு. மாமா மேல தப்பில்ல. எனக்கும் தெரியும், நானும் சொல்லல."

மகள் கேட்டாள். "இங்க மட்டும் எப்படிப் பேச்சு வருது உங்களுக்கு?"

"கையில வேலை இருந்தா வருது."

"அன்னிக்கும் கையில வேலை இருந்துச்சே. குழாயக் கழட்டிட்டு உக்காந்திருந்தீங்களே."

அவர் கயிற்றைச் சுருட்டுவதை நிறுத்தினார். அப்புறம் சொன்னார். "நீ வருவேன்னு நெனச்சேன். தண்ணி குடிக்கவாவது அந்தப் பக்கம் வருவேன்னு. அந்தக் குழாயில ஒரு ரிப்பேரும் இல்ல."

மகள் இடுக்கியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஒருத்தி படுக்கையில் படுத்துக்கொண்டு இவன் வரமாட்டானா என்று பார்த்திருக்கிறாள். ஒருத்தன் சமையலறைத் தரையில் நல்ல குழாயைப் பிரித்துப் போட்டுக்கொண்டு இவள் வரமாட்டாளா என்று பார்த்திருக்கிறான். நடுவில் ஒரு சுவர். எனக்கு அவர்கள் இருவரையும் பிடித்து நாலு அறை விட வேண்டும்போல இருந்தது. கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டில் எதையும் நான் செய்யவில்லை.

மகள் அழுதாள். சத்தமில்லாமல், முகத்தை மூடாமல் அழுதாள். மாப்பிள்ளை ஒரு அடி எடுத்து வைத்தார், பிறகு நின்றுவிட்டார். தாமதமாக வந்த ரயில் மாதிரி, வந்து ஒன்றும் ஆகப் போவதில்லை என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். சுருட்டிய கயிற்றை ஆணியில் மாட்டினார். கப்பியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். வில்லைத் தாங்கியிலிருந்து எடுத்து இவர் பக்கம் நீட்டினார்.

இவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. "இன்னொரு கட்டை காய்ஞ்சு ரெடியா கிடக்கு மாப்ளை" என்றார். "நல்ல கட்டை. கணுவே இல்ல. நீங்க பாக்கலாம் வேணும்னா."

என் வீட்டுக்காரர் யாரிடமும் எதற்காகவும் கெஞ்சி நான் கண்டதில்லை. சம்பள உயர்வு கேட்கச் சொன்னால்கூடக் கூச்சப்பட்டுத் திரும்பி வந்தவர். மகள் நிற்கிறாள், நான் நிற்கிறேன், எதையும் பார்க்காமல் கட்டையைக் காட்டினார். மூலையில் சாய்த்து வைத்திருந்த அந்தக் கட்டையை நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

மாப்பிள்ளை வில்லை மேஜைமேல் வைத்தார். "அதை நீங்களே செய்யுங்க சார்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் இவர் முகம் செத்துவிட்டது. நான் இவரைப் பார்க்க முடியாமல் மகளைப் பார்த்தேன். அவள்தான் பேசினாள்.

"சார்னு சொல்லாதீங்க" என்றாள். "அப்பாவ சார்னு சொல்லாதீங்க, ப்ளீஸ்."

அவர் அவளைப் பார்த்துத் தலையாட்டினார். ஆனால் திருத்திச் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், "வரேன்" என்றார். அத்தை என்று சேர்க்காமல் வெறும் வரேன். வாசலில் நின்றிருந்த ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

இவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். சாக்பீஸ் இன்னும் கையில் இருந்தது. மகள் கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்து இவர் பக்கத்தில், தரையில், மரத்தூள் இல்லாத அந்தச் சுத்தமான தரையில் உட்கார்ந்தாள். நான் அவளுக்கு என் முந்தானையைக் கொடுத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த ரூமை வேண்டாம்னு சொல்லிடறேன்ப்பா" என்றாள். "அடுத்த வாரம் அவரை வரச் சொல்லுங்க. நான் ஞாயித்துக்கிழமை வேற எங்கயாவது போயிக்கறேன். உங்களுக்காகச் சொல்லல. நிஜமாத்தான் சொல்றேன்."

அவள் நிஜமாகத்தான் சொன்னாள். அது எனக்கும் தெரிந்தது, இவருக்கும் தெரிந்தது.

இவர் சாக்பீஸை மேஜைமேல் வைத்துவிட்டு, விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"எந்த உறவுல கூப்பிடறதும்மா?" என்று கேட்டார்.

கோபத்தில் கேட்கவில்லை. இனி என்ன முறை சொல்வது என்று தெரிந்தவர்கள் யாராவது சொன்னால் அப்படியே கூப்பிடலாமே என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் வாசலைப் பார்த்தேன்.